வடசென்னையில் இருந்துகொண்டு புதிய அறிவியல் புனைவு, ஃபேன்டஸி நாவல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இந்த வகை நாவல்களைப் படிக்க ஆசை இருக்கிறது, ஆனால் எதில் தொடங்குவது, எங்கே வாங்குவது, எவ்வளவு செலவாகும் என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் என்று நம் பக்கம் இருப்பவர்களுக்காக. இங்கே பாடநூலும் கைடும் விற்கிற கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அண்மையில் வெளிவந்த ஓர் ஆங்கில ஃபேன்டஸி நாவலைக் கையில் எடுத்து நாலு பக்கம் புரட்ட வேண்டும் என்றால் அண்ணா சாலைப் பக்கம்தான் போக வேண்டும். போனாலும் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்தான்.

அதனால் என்ன நடக்கிறது? ரீல்ஸில் யாரோ சிலாகித்த தடிமனான நாவல் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம். அறுநூறு ரூபாய் போகிறது. நாற்பதாவது பக்கத்தில் படிப்பு நின்றுவிடுகிறது. "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று அத்தோடு விட்டுவிடுகிறோம். நன்றாகப் படிக்கக்கூடிய எத்தனையோ பேர் இப்படி விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன், அது எனக்குப் பொறுக்கவில்லை. பிடிக்குமா என்று முதலில் செலவில்லாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. காசை அப்புறம் எடுத்தால் போதும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் சிறுகதை, நாவல் அப்புறம்

அறிவியல் புனைவு நாவல் என்றால் முந்நூறு பக்கம். ஃபேன்டஸி என்றால் ஐந்நூறு பக்கம், அதுவும் பல நேரம் மூன்று பாகங்களில் முதல் பாகம் மட்டும். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியாதபோது அதில் இறங்க வேண்டாம். சிறுகதை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆங்கிலத்தில் முழுக்கதைகளையும் இணையத்தில் இலவசமாகவே தரும் தரமான இதழ்கள் இருக்கின்றன. க்ளார்க்ஸ்வேர்ல்ட் 2006-லிருந்து வருகிறது. அறிவியல் புனைவுக்கு இதில் தொடங்கலாம். மொழிபெயர்ப்புக் கதைகளுக்கும் அங்கே நல்ல இடம் உண்டு. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2000-லிருந்து வருகிறது. நம் கண்டத்து எழுத்தாளர்களை அதில் அடிக்கடி பார்க்கலாம். ஃபேன்டஸி மட்டும் போதும் என்றால் பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ். அப்புறம் ரியாக்டர், 2024 தொடக்கம் வரை டோர் டாட் காம் என்ற பெயரில் இருந்தது இதுதான். எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கேட்டால் நீங்கள் வேறு ஏதோ பக்கத்துக்குப் போய்விட்டீர்கள், அல்லது அது விருப்பமுள்ளவர்களுக்கான சந்தாப் பக்கம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் காதால் கேளுங்கள். க்ளார்க்ஸ்வேர்ல்ட் தன் கதைகளை ஒலிவடிவிலும் தருகிறது. அறிவியல் புனைவுக்கு எஸ்கேப் பாட், ஃபேன்டஸிக்கு பாட்கேசில் என்று இரண்டு பாட்காஸ்ட்கள் பல வருடங்களாக வருகின்றன. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி விமான நிலையம் வரை போகிறவருக்கு ஒரு கதை தாராளமாக முடியும். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்டால், புரியாமல் நின்றுபோகும் இடங்கள் வெகுவாகக் குறையும்.

இங்கே ஒரு பொறி. இந்த வகைக் கதைகளில் முதல் பக்கத்திலேயே தெரியாத சொற்கள் கொட்டும். அவற்றில் பாதி எழுத்தாளர் உருவாக்கியவை. அகராதியில் இருக்காது, கூகுளிலும் கிடைக்காது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கும் அந்த இடத்தில் புரியாது. கதையே போகப் போகச் சொல்லும் என்று நம்பி நகர வேண்டியதுதான். நமக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடுகிறவர்களில் நிறையப் பேர் மூடுவது சரியாக இந்த இடத்தில்தான். தயவுசெய்து மூடாதீர்கள்.

பத்துப் பதினைந்து கதைகள் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "நன்றாக இருந்தது" என்று எழுதினால் பயன் இல்லை. "விண்வெளிச் சண்டை அலுப்பு, வேற்றுக்கிரகவாசியின் மொழியைக் கற்கும் பகுதி அருமை" என்று எழுதினால் அடுத்த படியில் உதவும். எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு அதற்கான வகைப்பெயரைக் கண்டுபிடியுங்கள். விண்வெளிப் பேரரசுகளின் கதை என்றால் ஸ்பேஸ் ஓபரா. அறிவியல் விதிகளை இறுக்கமாகப் பின்பற்றினால் ஹார்ட் எஸ்எஃப். நம் காலத்து நகரத்துக்குள் மாயம் நடந்தால் அர்பன் ஃபேன்டஸி. பருவநிலை மாற்றத்தைப் பேசினால் க்ளைமேட் ஃபிக்‌ஷன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கடைசியாகச் சொன்ன வகை மிக நெருக்கமாக இருக்கும். இந்த வகைப்பெயர்களை வைத்துத்தான் இனி நீங்கள் தேடப்போகிறீர்கள்.

இந்தப் படிக்குச் செலவு: மொபைல் டேட்டா மட்டும். காலம்: ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை.

2. ஆட்களைப் பின்தொடருங்கள்

பிடித்த கதையை எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இவர்கள்தான் சில வருடங்களில் நாவல் எழுதப்போகிறார்கள். கொழும்புக்காரரான வஜ்ர சந்திரசேகரவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் நாவல் 2023-ல் வெளிவந்து, 2024-ல் நெபுலா என்ற அறிவியல் புனைவு, ஃபேன்டஸி விருதை வாங்கியபோதுதான் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அவர் இந்த இலவச இதழ்களில் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தார். இதழ்களைப் படித்துவந்தவர்களுக்கு அந்த நாவல் வந்த அன்றைக்கே தெரியும்.

எழுத்தாளரோடு மொழிபெயர்ப்பாளர் பெயரையும் குறியுங்கள். சீனாவின் லியு சிஷின் எழுதிய 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' 2015-ல் ஹ்யூகோ விருது வாங்கியது; நாவல் பிரிவில் அந்த விருது பெற்ற முதல் மொழிபெயர்ப்பு அதுதான். மொழிபெயர்த்த கென் லியு தானும் ஒரு சிறந்த எழுத்தாளர். அவர் மொழிபெயர்த்துத் தொகுத்த சீனச் சிறுகதைத் தொகுப்புகள் வழியாக இன்னும் பலரைச் சென்றடையலாம். ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு தொகுப்பாசிரியர், ஒரு விமர்சகர் என்று உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிற மூன்று பேர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நட்சத்திர மதிப்பீடுகளைவிட அந்த மூன்று பேரின் பேச்சை நான் நம்புகிறேன்.

3. விருது: வென்றதைவிட இறுதிப்பட்டியலைப் பாருங்கள்

விருது வென்ற நாவலை மட்டும் வாங்குவது பொதுவான பழக்கம். வென்றது ஒன்று. இறுதிப்பட்டியலில் ஐந்தாறு இருக்கும், அவற்றில் உங்களுக்கானது வேறாக இருக்கலாம். எந்த விருதை யார் தருகிறார்கள் என்று தெரிந்தால் பட்டியலைச் சரியாகப் படிக்கலாம்.

ஹ்யூகோ 1953-ல் தொடங்கியது. உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்கள் வாக்களித்துத் தருவது. கதையோட்டம் உள்ள, பரவலாக ரசிக்கப்பட்ட நாவல்கள் வரும். நெபுலா எழுத்தாளர்கள் எழுத்தாளர்களுக்குத் தருவது. நடை, வடிவம் இவற்றில் துணிந்து செய்தவை அதிகம் இருக்கும். ஆர்தர் சி. கிளார்க் விருது பிரிட்டனில் நடுவர் குழு தருவது. அறிவியல் புனைவு மட்டும். உலக ஃபேன்டஸி விருதுக்கும் நடுவர் குழு உண்டு. புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, லோகஸ் என்ற அறிவியல் புனைவு, ஃபேன்டஸி இதழ் தரும் விருதின் பட்டியலை. அதில் அறிவியல் புனைவு நாவல், ஃபேன்டஸி நாவல், முதல் நாவல் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. புதியவர்களைத் தேடுகிறவருக்கு முதல் நாவல் பிரிவு ஒரு புதையல். ஹ்யூகோவோடு சேர்த்து வழங்கப்படும் அஸ்டவுண்டிங் விருதும் புதிய எழுத்தாளருக்கானதுதான்.

காலக் கணக்கு முக்கியம். லோகஸ் இதழின் பரிந்துரைப் பட்டியல் பிப்ரவரியில் வரும். நெபுலா இறுதிப்பட்டியல் பெரும்பாலும் மார்ச், ஹ்யூகோ இறுதிப்பட்டியல் பெரும்பாலும் ஏப்ரல், ஹ்யூகோ முடிவு பெரும்பாலும் ஆகஸ்ட். இவை எல்லாம் முந்தைய ஆண்டு வெளிவந்த புத்தகங்களுக்கானவை. முதலில் கெட்டி அட்டையில் வரும் நாவலின் சாதா அட்டைப் பதிப்பு சுமார் ஒரு வருடம் கழித்து வருவது வழக்கம். ஆக, முடிவு வெளியாகும் நேரத்தில் பல புத்தகங்களின் மலிவுப் பதிப்பு வந்திருக்கும். பொறுமையாக இருந்தால் பட்டியலும் கிடைக்கிறது, விலையும் இறங்குகிறது.

இன்னொரு பொறி: இந்த விருதுகளில் 'நாவெல்லா' என்று ஒரு பிரிவு உண்டு. 17,500 சொற்களிலிருந்து 40,000 சொற்களுக்குள் உள்ள குறுநாவல்கள். தொடக்கக்காரருக்கு இது மிக நல்ல அளவு. ஆனால் தனிப் புத்தகமாக வாங்கினால் 150 பக்கத்துக்கு முழு நாவலின் விலை வைத்திருப்பார்கள். இவற்றை மின்நூலாகவோ நூலகத்திலோ படிப்பதுதான் கட்டுப்படியாகும்.

4. வாங்குவதற்கு முன் பத்து சதவீதம் படியுங்கள்

கிண்டில் கருவி வேண்டாம். போனில் கிண்டில் செயலி போதும், அது இலவசம். எந்த மின்நூலுக்கும் மாதிரிப் பகுதி என்று முதல் சுமார் பத்து சதவீதத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்நூறு பக்க நாவல் என்றால் ஐம்பது பக்கம். மாதிரி முடியும் இடத்தில் "ஐயோ, அடுத்த பக்கம் எங்கே" என்று தோன்றினால் மட்டும் வாங்கும் பட்டியலில் சேருங்கள். "பரவாயில்லை, போகப் போக நன்றாக இருக்கும்" என்று தோன்றினால் சேர்க்காதீர்கள்.

குட்ரீட்ஸ் மதிப்பெண்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். தொடர் நாவல்களில் இரண்டாம், மூன்றாம் பாகங்களின் மதிப்பெண் முதல் பாகத்தைவிடப் பல நேரம் கூடுதலாகத் தெரியும். புத்தகம் மேம்பட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதல் பாகம் பிடிக்காதவர்கள் அங்கேயே இறங்கிவிட்டார்கள், பிடித்தவர்கள் மட்டும் தொடர்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். ஆகவே எப்போதும் முதல் பாகத்தின் மதிப்பெண்ணைப் பாருங்கள். அதிலும் ஐந்து நட்சத்திர, ஒரு நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். எது பிடித்தது, எங்கே தொய்வு என்று இரண்டையும் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

தொடர் முடிந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்எஃப்டிபி (isfdb.org) என்ற அறிவியல் புனைவு, ஃபேன்டஸி நூல்களின் இணையத் தரவுத்தளத்தில் எழுத்தாளர் பெயரைப் போட்டால் எந்தப் பாகம் எந்த ஆண்டு வந்தது என்று வரிசையாகக் காட்டும். மூன்று பாகம் என்று அறிவித்து இரண்டோடு பத்து வருடமாக நிற்கும் தொடர்கள் உண்டு. முதல் நாவலாக அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே பாகத்தில் முடியும் நாவலாகத் தேர்ந்தெடுங்கள்.

5. தமிழில் தேடும்போது

தமிழில் அறிவியல் புனைவு என்றால் சுஜாதா பெயரைச் சொல்லி அங்கேயே நின்றுவிடுகிறோம். அவரைப் படிக்கத்தான் வேண்டும், மறுபதிப்புகளும் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் இன்று எழுதுகிறவர்களைத் தேடாமல் விட்டால் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். இதை நான் உண்மையான கவலையோடு சொல்கிறேன். அரூ என்ற இணைய இதழ் 2019-ல் அறிவியல் புனைவுச் சிறுகதைப் போட்டி நடத்தியது. அந்தப் போட்டிக் கதைகளிலிருந்து தொடங்குங்கள். முதல் படியில் சொன்ன அதே முறைதான், பெயர்களைக் குறியுங்கள்.

கடையிலும் பதிப்பகப் பட்டியலிலும் இவற்றுக்குத் தனி அலமாரி பெரும்பாலும் இருக்காது. எல்லாம் 'நாவல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடக்கும். இணையத்தில் தேடும்போது அறிவியல் புனைவு, அறிவியல் புனைகதை, அறிபுனை, மிகுபுனைவு என்று எல்லா விதமாகவும் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு சொல்லைப் பயன்படுத்துகிறது.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது முழுமையான மொழிபெயர்ப்பா, சுருக்கமா என்று பார்ப்பது அவசியம். அட்டையில் சொல்லாமல் உள்ளே மட்டும் சின்னதாகப் போட்டிருப்பார்கள். ஆங்கில மூலம் முந்நூறு பக்கம் இருக்க, தமிழ் நூற்றிருபது பக்கம் என்றால் சுருக்கித்தான் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் படித்தாலும் நம் மண்ணின் கதை வேண்டும் என்பவர்களுக்கு: சென்னைப் பதிப்பகமான ப்ளாஃப்ட் 2024-ல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. வடசென்னையில் வளர்ந்த ஒருவர் அதைக் கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

6. நூலக அட்டை

வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். செலவு மிகக் குறைவு: ஒரு சிறிய வைப்புத்தொகை, அப்புறம் ஆண்டுச் சந்தா. வைப்புத்தொகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள்; உறுப்பினர் அட்டையை ஒப்படைக்கும்போது அதைக் கேட்பார்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு, முகவரிச் சான்று. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். ஆதாரில் பழைய முகவரி இருக்கும், குடியிருப்பது வேறு தெருவில் இருக்கும். கேஸ் ரசீது, வங்கிப் புத்தகம், வாடகை ஒப்பந்தம் இவற்றில் எது இப்போதைய முகவரியில் இருக்கிறதோ அதன் நகலையும் சேர்த்தே எடுத்துப் போனால் இரண்டாவது தடவை அலைய வேண்டாம். மூலப்பிரதியும் கையில் இருக்கட்டும்.

பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று நினைத்து வெள்ளிக்கிழமை போய் நிற்பவர்கள் உண்டு.

கிளை நூலகத்தில் புதிய ஆங்கில நாவல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு எழும்பூர் கன்னிமாரா போக வேண்டும். மெட்ரோவில் சென்ட்ரல் வரை நீல வழித்தடம், அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி ஒரே நிறுத்தம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகி வெளிவரும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி கன்னிமாராவுக்கு அனுப்பப்பட வேண்டும். அதனால் இந்தியப் பதிப்பகங்கள் வெளியிட்ட அறிவியல் புனைவுகளும் தமிழ் நூல்களும் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதை அங்கே தேடிச் சோர்ந்துபோக வேண்டாம். உள்ளேயே உட்கார்ந்து படிக்கத் தரும் பிரிவும் வீட்டுக்கு இரவல் தரும் பிரிவும் வேறு வேறு. எந்தப் பிரிவில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகைக்குத் தனி அடுக்கை எதிர்பார்க்காமல், எழுத்தாளரின் கடைசிப் பெயரை வைத்துப் பொது ஆங்கில நாவல் அடுக்கில் தேடுங்கள்.

7. மூர் மார்க்கெட்

நமக்கு இருக்கும் பெரிய வசதி இது. சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளை நம் பக்கத்தில் இன்னும் மூர் மார்க்கெட் என்றுதான் சொல்கிறோம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம். கடைகளில் முன்னால் இருப்பதெல்லாம் இன்ஜினியரிங், மெடிக்கல், போட்டித் தேர்வுப் புத்தகங்கள். நாவல்கள் உள்ளே, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு அடுக்கி, முதுகு மட்டும் தெரியும்படி இருக்கும். "இங்கிலீஷ் நாவல், சயின்ஸ் ஃபிக்‌ஷன்" என்று கேட்டால் கடைக்காரர் அடுக்கின் நடுவிலிருந்து உருவித் தருவார். அவசரப்படாமல் நீங்களே முதுகுகளைப் படித்துக்கொண்டு போவது நல்லது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

கையில் எடுத்ததும் நான் பார்ப்பது நான்கு விஷயம். ஒன்று, உரிமைப் பக்கம்: தலைப்புப் பக்கத்தின் பின்புறம். எந்த ஆண்டு, எத்தனையாவது அச்சு, தொடரில் எத்தனையாவது பாகம் என்று அங்கே ஓரளவு தெரிந்துவிடும். '10 9 8 7 6 5 4 3' என்று ஒரு எண் வரிசை இருந்தால், அதில் மிகச் சிறிய எண் அச்சு எண். இங்கே மூன்றாவது அச்சு. இரண்டு, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று. மூன்று, நடுவில் பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று. நாவல்கள் பதினாறு, முப்பத்திரண்டு பக்கக் கட்டுகளாகச் சேர்த்துக் கட்டப்படுவதால், விட்டுப்போனால் ஒரு கட்டு முழுவதுமாக விட்டுப்போயிருக்கும். நாலைந்து இடங்களில் புரட்டி எண்ணைச் சரிபார்த்தால் போதும். நான்கு, முதுகை மெல்ல விரித்தால் பசை நொறுங்கிப் பக்கம் தனியாக வருகிறதா என்று.

விலை பெரும்பாலும் ஐம்பதிலிருந்து இருநூறு ரூபாய்க்குள். முதல் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாலும் பேசலாம். மூன்று புத்தகமாக எடுத்தால் பேரம் எளிது. சில்லறையாகக் கொண்டுபோங்கள். தொடர் நாவலின் இரண்டாம் பாகம் மட்டும் மலிவாகக் கிடைப்பது இங்கே அடிக்கடி நடக்கும். முதல் பாகம் கைவசம் இல்லாமல் அதை எடுக்காதீர்கள். 'புதிய' நாவல் இங்கே வர ஐந்தாறு வருடம் பிடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆகவே பழைய ஆண்டுகளின் ஹ்யூகோ, நெபுலா, கிளார்க் இறுதிப்பட்டியல்களைப் போனில் சேமித்து எடுத்துப் போங்கள். பெரிய பெயர்கள் சீக்கிரம் விற்றுவிடும். பட்டியலில் இருந்து வெல்லாமல் போனவை அடுக்கில் அப்படியே கிடக்கும்.

8. புதிதாக வாங்கும்போது

சாதா அட்டை ஆங்கில நாவல் பெரும்பாலும் நானூறிலிருந்து எண்ணூறு ரூபாய். அதே நாவலின் அமெரிக்கக் கெட்டி அட்டைப் பதிப்பு இரண்டாயிரத்தைத் தாண்டும். ஆன்லைனில் ஒரே நாவலுக்குப் பல பதிப்புகள் அடுத்தடுத்து வரும். எந்தப் பதிப்பகம், எந்த அட்டை, எத்தனை பக்கம் என்று பார்த்து அழுத்துங்கள். இந்திய விற்பனைக்கான பதிப்பு என்று குறிப்பு இருந்தால் விலை குறைவாக இருக்கும், உள்ளடக்கம் அதேதான்.

ஒரே நாவல் இரண்டு நாடுகளில் இரண்டு பெயர்களில் வருவதும் உண்டு. லாவண்யா லட்சுமிநாராயணனின் நாவல் 2020-ல் இந்தியாவில் 'அனலாக்/வர்ச்சுவல்' என்ற பெயரில் வந்தது. 2023-ல் வெளிநாட்டில் 'தி டென் பர்சென்ட் தீஃப்' என்ற பெயரில் வந்து, கிளார்க் விருதின் இறுதிப்பட்டியல் வரை போனது. பெயர் வேறு என்பதால் இரண்டையும் வாங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் முன்பு சொன்ன ஐஎஸ்எஃப்டிபி-யில் பாருங்கள், வேறு தலைப்பு இருந்தால் காட்டும்.

நடைபாதையிலும் சில ஆன்லைன் விற்பனையாளர்களிடமும் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் 'புதிய' நாவல்கள் பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு. அட்டைப்பட எழுத்து மங்கலாக இருக்கும், தாள் பின்பக்க எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும், ஓரத்தில் வரிகள் வெட்டுப்பட்டிருக்கும், எழுநூறு பக்க நாவலில் நடுவில் பக்கம் காணாமல் போயிருக்கும். டெலிகிராம் பிடிஎஃப்களும் அப்படித்தான். முதல் நாவல் எழுதியவருக்கு விற்பனை இல்லை என்றால் இரண்டாவது நாவலுக்குப் பதிப்பகம் கிடைக்காது. மூர் மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்குப் பழைய பிரதி வாங்குங்கள், அது நேர்மையான வியாபாரம்.

9. ஜனவரிப் புத்தகக் கண்காட்சி

பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு நமக்கு இப்போது வழி எளிது. விம்கோ நகரிலிருந்து வரும் நீல வழித்தட ரயில் மாறாமல் நந்தனம் போகும். கட்டணம் ஒரு பக்கத்துக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. தொடங்கும் தேதி வருடா வருடம் மாறுகிறது, சில வருடம் டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும்; டிசம்பர் நடுவிலேயே செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் மதியத்துக்கு மேல்தான் திறப்பது வழக்கம். பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கவே இடம் இருக்காது, நின்று நாலு பக்கம் படிக்க முடியாது. வேலை நாள் மாலையில் போங்கள்.

பொதுவாகப் பத்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். தமிழ்ப் புத்தகங்களை இங்கே வாங்குவதுதான் லாபம். ஆங்கில நாவல்களை ஆன்லைன் விலையோடு அங்கேயே போனில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே விலைக்கு ஆங்கிலப் புத்தகங்களைக் கொட்டி விற்கும் அரங்குகளில் நல்ல அறிவியல் புனைவு சிக்கும், ஆனால் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிகளையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தமிழ்ப் பதிப்பக அரங்குகளில் "இந்த வருஷம் அறிவியல் புனைவு, ஃபேன்டஸி என்ன வந்திருக்கு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல நேரம் எழுத்தாளரே பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். வாங்காவிட்டாலும் ஒவ்வொரு அரங்கிலும் விலைப்பட்டியல் இலவசமாகத் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் படித்துப் பென்சிலால் குறித்தால், பதிப்பகத்தின் போன் எண்ணும் அதிலேயே இருக்கும். கடைகளில் கிடைக்காத புத்தகத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்லி வருடம் முழுக்க அதை வைத்தே கேட்கலாம்.